இடப்பக்கம் இழுக்கிறது

ஜூன் 2, திங்கள்

சிமுலேட்டரில் மறுபடி அதேதான். ஓடுபாதையில் கால்வாசி தாண்டவில்லை, மூக்கு இடப்பக்கம் நழுவியது. மூக்கைத் திருப்பும் ரடரின் வலது பெடலை அழுத்தினேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பி இடது இறக்கை நுனி மண்ணைக் கிளறியது. ப்ரொப்பெல்லர் போயிற்று. மேசை மாடியில் இருந்தபோது இரண்டாம் உலகப்போர்க் காலத்து இதே ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம், இங்கிலாந்தின் இதே டாங்மியர் தளம், இதே காலை ஆறு மணி வெளிச்சம். யோசிக்காமல் ஏற்றிவிடுவேன். கீழே வந்த பிறகுதான் இப்படி.

ஒன்றுமே மாறவில்லை அக்கா என்கிறான் தம்பி. மாறியிருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

தூக்கமில்லை. இப்போது வலது காலின் சுண்டுவிரலும்.

ஜூன் 5, வியாழன்

எழுதி வைத்தால்தான் தலை தெளியும். இது ஏன் இடப்பக்கம் போகிறது?

மெர்லின் எஞ்சின் போட்ட ஸ்பிட்ஃபயரில், காக்பிட்டிலிருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லர் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. அதற்கு எதிராக விமானத்தின் உடல் இடப்பக்கம் உருளப் பார்க்கும். இடது சக்கரத்தில் பாரம் ஏறும், அந்தச் சக்கரம் கூடுதலாக உரசும். இது ஒன்று. ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று நேராகப் பின்னால் போவதில்லை. உடலைச் சுற்றிச் சுருண்டு வந்து செங்குத்து வாலின் இடது முகத்தில் அறைகிறது. வால் வலப்பக்கம் போனால் மூக்கு இடப்பக்கம் வந்தே தீரும். அடுத்தது, வால் சக்கரம் தரையில் இருக்கும்வரை ப்ரொப்பெல்லரின் வட்டம் பின்னுக்குச் சாய்ந்திருக்கிறது. வலப்பக்கம் கீழிறங்கும் இதழ் காற்றை அதிகமாகக் கடிக்கும், அதனாலும் இடதுதான். கடைசியாக வாலைத் தூக்கும் நேரம். சுழலும் பொருளைச் சாய்த்தால் அந்த விசை சுழலும் திசையில் 90 பாகை தள்ளி வேலை செய்யும். அதுவும் மூக்கை இடப்பக்கமே திருப்புகிறது.

நான்கும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. எதிரே நிற்பது வலது ரடர், அதை அழுத்த ஒரு கால்.

சக்கரங்களுக்கு நடுவே தூரம் சுமார் 1.7 மீட்டர். இறக்கையின் முழு நீளம் 11.2 மீட்டர். அவ்வளவு பெரிய இறக்கை அவ்வளவு குறுகலான கால்களில் நிற்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு அந்த விமானத்தின்மேல் ஒரு பரிவு வருகிறது.

பின்னால் வந்த ஸ்பிட்ஃபயர் வகையான மார்க் 14-இல் க்ரிஃபன் எஞ்சின். அது எதிர்ப்பக்கம் சுற்றும், வலப்பக்கம் இழுக்கும். இடது கால் போதும். வேறொரு சிமுலேட்டரில் இருக்கிறது, இறக்கித் தரட்டுமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன் போல, சாப்பிடும்போது பேசவில்லை.

ஜூன் 6, வெள்ளி

டாக்டர் ஊரில் இல்லையாம். நரம்பு டெஸ்ட் அடுத்த வாரம்.

ஜூன் 8, ஞாயிறு

ஒவ்வொன்றாகக் கழிக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

காற்று: பூஜ்யம் வைத்தேன். இடப்பக்கத்திலிருந்து காற்று அடித்தால் வாலைத் தள்ளி மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பும். இப்போது அது இல்லை. இருந்தும் இழுக்கிறது.

புறப்பாட்டு உதவி: நிறுத்திவிட்டேன். அது நமக்குத் தெரியாமல் ரடரைத் தொடும், நம் காலோடு சண்டை போடும். உதவி ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் சோதிக்கவே முடியாது.

ட்ரிம், அதாவது அழுத்திப் பிடிக்காமலே ரடரை ஒரு பக்கம் சாய்த்து வைக்கும் அமைப்பு: என்னுடையது மார்க் 9, அதன் விமானிகளுக்கான கையேட்டில் உள்ளபடி ரடர் ட்ரிம் முழு வலது, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் ஒரு கோடு மூக்கு கீழே. பூஸ்ட், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம், +7. வழக்கமான புறப்பாட்டுக்கு அதுவே போதும் என்கிறது கையேடு. +18 வரை திறக்கலாம் என்பதற்காகத் தரையிலேயே திறப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

ஒரு மாறுதலுக்கு ஜெர்மானிய விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 கே-4 எடுத்துப் பார்த்தேன். அதில் வால் சக்கரத்தைப் பூட்ட முடியும், நேராக ஓடும். ஆனால் காக்பிட்டில் ரடர் ட்ரிம் கிடையாது. முழுக்க முழுக்கக் கால்தான். பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

பிசியோ வந்தார். நுனிக்காலில் நிற்கச் சொன்னார். இடது நின்றது.

அம்மா வாசலுக்குப் போய்விட்டார்.

ஜூன் 11, புதன்

கிடைத்தது! கிடைத்தது!

பிரேக்!

ஓடுபாதையில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, எதையும் தொடாமல் கருவிப் பலகையை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். ஸ்பிட்ஃபயரில் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. அதற்கொரு மீட்டர், மூன்று முட்கள்: மேலே தொட்டியின் அழுத்தம், கீழே இடது சக்கரம், வலது சக்கரம். பிரேக்கை விட்டால் கீழ் முட்கள் இரண்டும் பூஜ்யத்தில் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. இரண்டும் கொஞ்சம் தூக்கியே நின்றன.

ஸ்பிட்ஃபயருக்குக் காலால் மிதிக்கும் பிரேக் கிடையாது. விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கில் ஒரு கைப்பிடி உண்டு, அதைப் பிடித்தால் இரண்டு சக்கரங்களுக்கும் சமமாகப் போகும். ரடரை வலப்பக்கம் அழுத்தியபடி பிடித்தால் வலது சக்கரத்துக்கு மட்டும் போகும். தரையில் திரும்புவதே அப்படித்தான். அப்படியானால் பிரேக் கொஞ்சம் பிடித்த நிலையிலேயே ஓடினால் என்ன ஆகும்? மூக்கு இடப்பக்கம் நழுவும், நான் வலது ரடர் கொடுப்பேன், ரடரோடு வலது பிரேக்கும் கவ்வும், வெடுக்கென்று வலப்பக்கம் பாயும். போன வாரத் திங்கட்கிழமை நடந்தது எழுத்துக்கு எழுத்து இதுதான்.

கண்ட்ரோல் பட்டியலைத் திறந்தோம். எஞ்சினைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பெட்டியில் ஒரு சின்னத் திருகு உண்டு, நான் எதற்கும் பயன்படுத்தாதது. அது தானாகவே சக்கர பிரேக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. மேசையைக் கீழே கொண்டுவந்தபோது வயர்கள் வேறு யுஎஸ்பி துளைகளில் ஏறின. சிமுலேட்டர் அவற்றைப் புதிய கருவி என்று எடுத்துக்கொண்டு, பெடல், திருகு போன்ற எல்லா அச்சுகளுக்கும் தன் இஷ்டத்துக்கு வேலை ஒதுக்கியிருக்கிறது. ரடருக்கும் இரண்டு: பெடல் ஒன்று, ஸ்டிக்கின் முறுக்கு ஒன்று. தம்பி உட்கார்ந்து வரிவரியாக அழித்தான். வேறு எந்த விமானத்தை எடுத்தாலும் முதலில் இந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

முட்கள் படுத்துவிட்டன. சந்தோஷத்தில் இரண்டு இட்லி அதிகம் சாப்பிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வலப்பக்கப் பாய்ச்சல் போய்விட்டது. இடப்பக்கம் நழுவுவது போகவில்லை.

ஜூன் 14, சனி

பெரியப்பா பார்க்க வந்திருந்தார். எழுபதுகளில் சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்த கதை. அந்த ரேஸ் பாதையே இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை. நம் வீட்டிலிருந்து எவ்வளவு பக்கம்! நான் அவருக்கு 234-ஆம் ஸ்க்வாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவைப் பற்றிச் சொன்னேன். பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸில் ‘மெட்ராஸ் பிரசிடென்ஸி’ என்று பெயர் பெற்ற ஸ்க்வாட்ரன்களில் ஒன்று. 1940 ஆகஸ்டில் இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்திலிருந்து ஸ்பிட்ஃபயர்களில் கிளம்பிச் சண்டை போட்டவர்கள். அவர்களுடையது மார்க் 1, ஆனால் அதுவும் மெர்லின்தான், அதுவும் இடப்பக்கம்தான் இழுத்திருக்கும். 79, 264 ஸ்க்வாட்ரன்களுக்கும் அதே பெயர். பெரியப்பா நம்பவில்லை, இரண்டு தரம் கேட்டார்.

கிளம்பும்போது என் காலைப் பார்க்காமல் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 15, ஞாயிறு

வலது கண்ட்ரோலையும் எண்டரையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு சின்னக் கட்டம் வரும். ஸ்டிக் எங்கே, த்ராட்டில் எங்கே, ரடர் எவ்வளவு என்று கோடுகளில் காட்டும். எவ்வளவு நாளாகத் தெரிந்த விஷயம், இதை வைத்து இன்றுதான் பார்க்கிறேன். வலது பெடலை முழுசாக மிதித்தேன். கோடு மூன்றில் இரண்டு பங்கில் நின்றுவிட்டது.

பெடலில் கோளாறு என்றே நினைத்தேன். பெடலின் அசைவை அளக்கும் பொடென்ஷியோமீட்டரில் தூசி சேர்ந்தால் இப்படி ஆகும் என்று தம்பியும் சொன்னான். விண்டோஸில் மறுபடி கேலிப்ரேட் செய்தோம். அதே மூன்றில் இரண்டு.

அவனைக் கீழே உட்கார்ந்து கையால் தள்ளச் சொன்னேன். கோடு கடைசிவரை போனது.

இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 17, செவ்வாய்

தம்பி ஒரு வழி சொல்கிறான். அச்சு அமைப்பில் செறிவு என்று ஒன்று உண்டு. அதைக் குறைத்தால் மூன்றில் இரண்டு பங்கு மிதித்தாலே முழு ரடர் என்று சிமுலேட்டர் எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிட வேலைதானே அக்கா, பறந்துவிடலாம் என்கிறான். அவன் சொல்வது தப்பில்லை, எத்தனையோ பேர் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு வேண்டாம். அந்தக் கோடு ஒன்றுதான் இந்த வீட்டில் என்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்கிறது. எல்லோரும் “நேற்றைக்கு இன்று பரவாயில்லை” என்கிறார்கள். கோடு அப்படிச் சொல்லாது. அதையும் பொய் சொல்லப் பழக்கிவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

டெஸ்ட் முடிந்தது. ஊசி வைக்கும்போது வலித்தது. வலித்ததில் ஒரு ஆறுதல்.

ஜூன் 18, புதன்

என்னிடம் மூன்றில் இரண்டு பங்கு ரடர் இருக்கிறது. அதற்குள் ஏற்ற முடியுமா?

இழுக்கும் நான்கு விசைகளும் எஞ்சினைத் திறக்கத் திறக்கக் கூடுகின்றன. ரடருக்கு வேகம் வர வரப் பிடி கூடுகிறது. ஆகவே கால் தாங்குகிற அளவுக்கு மட்டும் த்ராட்டில். முதலில் +2. நேராக ஓட ஆரம்பித்த பின் +4. வாலை அவசரமாகத் தூக்காமல், அதுவாக லேசாகும்வரை விட வேண்டும். அப்போது அந்தக் கடைசி இழுப்பும் மெதுவாகத்தான் வரும். வால் ரொம்ப உயர்ந்து ப்ரொப்பெல்லர் தரையில் இடிக்கும் ஆபத்தும் குறையும். பெடலை ஒரேயடியாக அமுக்கி வைக்காமல் சின்னச் சின்னத் தட்டுகள், மூக்கு நகர்வதற்கு முன்பே. ஓடுபாதை நீளம் அதிகம் தேவைப்படும், டாங்மியரில் அது இருக்கிறது.

ராத்திரி பத்தேகாலுக்கு ஏறியது.

வேலியைத் தாண்டி, சக்கரம் மடங்கி, விளக்கு சிவப்பானது. தம்பி தூங்கிவிட்டான். கத்தி எழுப்பினேன்.

ஜூன் 20, வெள்ளி

மறுபடி ஏறியது. அதற்கடுத்தது ஏறவில்லை. அதற்கடுத்தது ஏறியது.

ஜூன் 21, சனி

கோடு அங்கேயேதான்.

காலையிலிருந்து யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. ரசம் ஆறிப்போய்விட்டது என்று அம்மா இரண்டு தடவை சூடு பண்ணினார். ரிப்போர்ட் இன்று வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஜூன் 23, திங்கள்

போன் வந்தது. ரிப்போர்ட் தயார், டாக்டர் நேரில் வரச் சொல்கிறார், மூன்று மணிக்கு. போனில் சொல்ல மாட்டார்களாம். தம்பி லீவு போட்டுவிட்டான்.

இன்னும் நேரம் இருக்கிறது. காற்றைத் திரும்பவும் போட்டுவிட்டேன், இடப்பக்கத்திலிருந்து நொடிக்கு 3 மீட்டர். ட்ரிம் முழு வலது. பிரேக் முட்கள் பூஜ்யம். +2-இல் தொடங்கி