மண்டியிட்ட தளபதி

இன்று எதிராளி மேசையில் வைத்த தளபதி பொம்மை மண்டியிட்டிருந்தது. பெட்டியில் வருவதோ நின்றபடி வாள் ஓங்குவது. இவர் காலை அறுத்து ஒட்டியிருக்கிறார்.

பொம்மைப் படைகளை மேசையில் மோதவிடும் வார்ஹாமர் 40,000 ஆட்டத்தில், பொதுவாக எதிரி பொம்மையின் உடலில் ஏதாவது ஒரு பகுதி தெரிந்தால்தான் சுடலாம். என் வீரனின் கண்மட்டத்துக்குக் கன்னத்தை மேசையில் பதித்துப் பார்த்தேன்.

நடுவே வைத்த பொம்மைச் சுவர்தான் தெரிந்தது.

“மண்டியிடக் கூடாதென்று விதியில் எங்கே இருக்கிறது?” என்றார்.

இல்லைதான். பல போட்டிகளில் நடுவர் இதை விடமாட்டார். வீட்டுக் கூடத்தில் நடுவர் ஏது? சிறுவயதில் இதற்கு அழுகுணி ஆட்டம் என்று பெயர். அந்தச் சொல்லுக்கும் விதிப் புத்தகம் இருந்ததில்லை, எல்லோருக்கும் புரிந்தது.

ஆனால் முட்டியில் சேறுகூடத் தீட்டியிருந்தார், பாவி!

அடுத்த வாரம் நிற்கும் தளபதியைக் கொண்டுவருவாராம். உயரம் கேட்க மறந்துவிட்டேன்.