ஆனி முடிவதற்குள்

ஜூலை 2, புதன்

பாத்ரூமை இடித்துப் புதுசாகப் போட ஓனரம்மா ஒருவழியாகச் சரி என்றார். அம்மாவுக்காக இல்லை. எங்கள் பாத்ரூமுக்கு நேர் கீழே அவர் சமையலறை. கூரையில் ஈரம் இறங்கிச் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. போன வாரம் ஒன்று சாம்பாரில் விழுந்துவிட்டதாம். ஆறு வருடமாக நான் கேட்டு நடக்காதது அதில் நடந்தது. செலவில் பாதி அவர், பாதி நான். ஆடியில் கடப்பாறை படக்கூடாது, அதற்குள் முடிக்க வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

மாமா 2017 வாடகைச் சட்டத்தைப் போனில் வாசித்துக் காட்டினார். குழாய் வாசர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு, பைப்பையே மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு, பட்டியலே போட்டிருக்கிறதாம். இருக்கட்டும். தினமும் படி இறங்கினால் நான்தானே அந்த முகத்தில் விழிக்க வேண்டும். எனக்குள்ள பயம் வேறு: பாத்ரூம் புதுசானால் வாடகையும் புதுசாகும்.

ஜூலை 5, சனி

சைடனாம்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கண்ணாடி மாதிரி மின்னுவதையே எடுத்துக் காட்டுகிறார்கள். தரைக்குச் சொரசொரப்பானது, அடிக்கு அடி, சாம்பல் நிறம். உள்ளங்கையை நனைத்துத் தேய்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன், கடைப்பையன் சிரித்தான். சிரிக்கட்டும். கம்மோடு உயரமானது. உட்காரும்போது முட்டி இடுப்புக்கு மேலே வரக்கூடாது என்று பிசியோதெரபி பெண் சொல்லியிருக்கிறாள். டேப் வைத்து அளந்தேன், 18 அங்குலம்.

அக்கா வீட்டில் இருக்கும் அம்மா போனில் கேட்டது ஒன்றுதான். "மாடத்தை அடைச்சிடாதடா."

ஜூலை 7, திங்கள்

இடித்தார்கள். சுவருக்குள் இருந்த இரும்பு பைப்பை மேஸ்திரி கையால் அழுத்தினார், வறுக்கி மாதிரி நொறுங்கியது. வெளியே காசிமேட்டுக் காற்று, உள்ளே போர் தண்ணீர், இரண்டும் உப்பு. இனி சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்தான். இடித்த குப்பை 31 மூட்டை, குட்டியானை வண்டியில் இரண்டு நடை.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டிக் கக்கூஸ் சாவி கேட்பது, 46 வயதில்.

ஜூலை 9, புதன்

மேஸ்திரியோடு தண்ணீர்ச் சண்டை. போர் தண்ணீரில் கலவை போட மாட்டாராம். "உப்புத் தண்ணில கொழைச்சா சந்துல வெள்ளையா பூத்துக்கும் சார், அப்புறம் என்னத்தான் திட்டுவீங்க." விடியற்காலை அடிபம்பு வரிசையில் நின்று எட்டுக் குடம் பிடித்தேன். குடிக்கிற தண்ணீரைச் சிமெண்டில் ஊற்றுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. எதிர்வீட்டு அக்கா எதுவும் கேட்காமல் நாலு குடம் தந்தார்.

ஜூலை 10, வியாழன்

கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஆசாரியிடம் மறுபடி சொல்ல வேண்டும்.

ஜூலை 12, சனி, இரவு 2 மணி

தூக்கம் இல்லை. நேற்று மாலை வாட்டர்ப்ரூஃப் பூச்சு காய்ந்ததும், தண்ணீர் போகிற ட்ராப்பைத் துணியால் அடைத்து, வாசலில் செங்கல் வரப்பு கட்டி, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தினார் மேஸ்திரி. 48 மணி நேரம் நிற்க வேண்டும். சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். இப்போது டார்ச் அடித்துப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே ஒரு நூல் இறங்கியிருக்கிறது. ஒரு நூல்தான். இந்த வெக்கையில் காய்ந்திருக்கலாம், கீழே இறங்கியும் இருக்கலாம். பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றாக இறங்கினால் வெக்கையில் காய்ந்ததுதான். இது மட்டும் இறங்கினால் மறுபடி உடைக்க வேண்டும்.

டார்ச் வெளிச்சத்தில் அந்த மூலை. அன்றைக்கு இதே கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. அம்மா கதவுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். தள்ளினால் அவள் இடுப்பில் இடிக்கும், தள்ளாவிட்டால் உள்ளே போக முடியாது. "தள்ளுடா, பரவாயில்ல" என்றாள். நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று அக்காவிடம் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

வாளியிலும் அதே அளவு. கீழே கூரை காய்ந்தே இருக்கிறது. ஓனரம்மா காபி கொடுத்தார், சர்க்கரை தூக்கல்.

ஜூலை 15, செவ்வாய்

மேஸ்திரி மாடத்தைச் சுற்றி டைல்ஸை வெட்டி ஒட்டிவிட்டார், தனிக்கூலி கேட்கவில்லை. உள்ளே பழைய சிமெண்டை அப்படியே விடச் சொன்னேன். அம்மா மஞ்சள் கிழங்கு வைக்கிற இடம் எட்டணா அகலத்துக்கு மஞ்சளாகவே இருக்கிறது.

கைப்பிடிக் கம்பிதான் படுத்தியது. நாலரை அங்குலச் சுவர், பழைய செங்கல், போல்ட் உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், அசைந்தது. கழற்றி, தட்டிப் பார்த்துக் கெட்டியான செங்கல் தேடி, மறுபடி போட்டார். தொங்கினேன், அசையவில்லை. என்னைவிடக் கனமானவர் என்பதால் மேஸ்திரியையும் தொங்கச் சொன்னேன். "டைல்ஸ் போட வந்தவன தொங்க வுட்டுட்டீங்களே சார்."

ஜூலை 16, புதன்

நாளை ஆடி பிறக்கிறது, அதனால் இன்றே அழைத்து வருகிறார்களாம். அக்கா ஐயனாவரத்திலிருந்து நாலு மணிக்குக் கிளம்புகிறாள். படி பதினேழு. கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, தூக்க இரண்டு பையன்கள், தயார்.

ஆசாரி வரவில்லை. கதவு சுவரில் சாய்ந்து நிற்கிறது. கீல் பொட்டலம் இன்னும் பிரிக்கவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. மணி மூன்றே கால்.

ஸ்க்ரூடிரைவரை எங்கே வைத்தேன்.