காத்திருக்க வசதி உள்ளவர்கள்

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பணியாற்றுகிறேன். வளாக நேர்காணலில் தேர்வானவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்துப் பணியில் அமர்த்துவது என் பொறுப்பு. சிலர் நாங்கள் கேட்காமலேயே, குடும்பத்திலேயே முதலில் பட்டம் பெறுபவர் என்று வருவாய்த் துறை வழங்கிய முதல் பட்டதாரிச் சான்றிதழின் நகலையும் கோப்பில் சேர்த்து வைத்திருப்பார்கள்.

கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரிகளுக்கு 2010-11 முதல் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கிறது. 2021இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டு, விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. இவை பெரும் சாதனைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் படிப்பு முடிவதற்கும் முதல் சம்பளம் வருவதற்கும் இடைப்பட்ட மாதங்களை அந்தந்தக் குடும்பமே தாங்க வேண்டியிருக்கிறது.

2022-23இல் தகவல் தொழில்நுட்பத் துறையில் பணி ஆணை பெற்ற பலருக்குச் சேரும் தேதி தள்ளிக்கொண்டே போனது. அதைத் தொலைபேசியில் தெரிவிக்கும் வேலை என்னுடையது. பெற்றோர் இருவரும் மருத்துவர்களான ஒரு மாணவர், அதற்குள் கிளவுட் சான்றிதழ்த் தேர்வு ஒன்றை எழுதிவிடுவதாகச் சொன்னார். திருவண்ணாமலைப் பக்கத்துக் கொத்தனாரின் மகன், "டெலிவரில இருக்கேன் மேடம், சாயங்காலம் பேசட்டுமா?" என்றார், பின்னால் வண்டிகளின் ஹாரன் ஒலித்துக்கொண்டிருந்தது. இருவரும் ஒரே மதிப்பெண் வரம்பைத் தாண்டி, ஒரே தேர்வை எழுதி வந்தவர்கள்தாம். முதலாமவர் சேர்ந்தவுடன் நல்ல புராஜெக்ட்டில் இடம்பெற்றார். இரண்டாமவர், கல்விக் கடன் தவணையை நினைத்து, அழைப்பு வருவதற்கு முன்பே குறைந்த சம்பளத்துக்கு, பிற நிறுவனங்களின் அலுவலகப் பணிகளைச் செய்துதரும் ஒரு பிபிஓவில் சேர்ந்துவிட்டார். இனி அவர் மென்பொருள் வேலைக்கு விண்ணப்பித்தால், 'தொடர்பற்ற அனுபவம்' என்று முதல் வடிகட்டலிலேயே அவருடைய விண்ணப்பம் ஒதுக்கப்படக்கூடும் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

வேலையில் சேர்ந்த பிறகும் முதல் மாதம் கடினமானதே. வாடகை முன்பணம் பொதுவாக மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், சென்னையில் அதற்கு மேல் கேட்கும் வீட்டு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். ஊரில் வட்டிக்கு வாங்கிய பணத்தோடு வேலைக்கு வந்து சேர்பவர்களை நான் அறிவேன்.

சேரும் நாளிலேயே ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்துத் தவணைகளில் பிடித்துக்கொள்ளலாம் என்றும், சேரும் தேதி தள்ளிப்போனவர்கள் இடையில் செய்த வேறு வேலையைக் குறையாகக் கொள்ளக் கூடாது என்றும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். முன்பணத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. இரண்டாவது கோரிக்கைக்காக ஒவ்வொரு ஆட்சேர்ப்புக் கூட்டத்திலும் பேசி வருகிறேன்.