உருட்டும் உர டிரம்: வேலைக் குறிப்புகள்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

சமையலறைக் கழிவையும் சருகையும் போட்டு, படுத்தவாக்கில் அச்சில் சுற்றி உரமாக்கும் டிரம் செய்யும் வேலை இது. காயலான் கடையில் 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் எடுத்தாயிற்று. இதில் இரண்டு வகை வரும். மேல்மூடி முழுதாகக் கழன்று இரும்பு வளையத்தால் பூட்டுவது ஒன்று. இரண்டு சின்னத் திருகுமூடிகள் மட்டும் வைத்து மற்றபடி அடைத்திருப்பது இன்னொன்று. அச்சு இரு முனையிலும் பாரம் தாங்க வேண்டும், ஆகவே இரண்டாவதுதான் எடுத்தது. கழலும் மூடியில் அச்சைக் கொடுத்தால் சுற்றச் சுற்ற வளையம் தளர்ந்துவிடும். பழக்கூழ், வினிகர் வந்த டிரம் என்றால் நல்லது. லேபிளைக் கிழித்து வைத்திருந்தால் வேண்டாம். ஆசிட்டா பூச்சிமருந்தா என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கப் போவது ஆபத்து.

ஜனவரி 8, புதன்

முதல் வேலை கதவு. அச்சையும் உள் துடுப்புகளையும் முடுக்க உள்ளே கை போக வேண்டுமே! டிரம்மைப் படுக்க வைத்து, நடு வயிற்றில் 40 × 30 செ.மீ. கோடு போட்டு ஜிக்சாவில் அறுத்தது. மூலையைச் சதுரமாக விட்டால் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். நான்கு மூலையிலும் 10 மி.மீ. துளை போட்டு, துளைக்குத் துளை அறுக்க வேண்டும். அறுத்த துண்டே கதவு. இரண்டு கீல், இரண்டு கொக்கித் தாழ்ப்பாள். ஒன்று மட்டும் வைத்தால் சுற்றும்போது மறுமூலை வாயைப் பிளக்கிறது.

ஜனவரி 11, சனி

இன்று முழுக்க அச்சுதான். பலரும் டிரம்மில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகி, குழாயை அசையாமல் வைத்து டிரம்மை அதன்மேல் சுற்ற விடுகிறார்கள். பிளாஸ்டிக் 3, 4 மி.மீ. கனம்தான். நிரம்பிய டிரம்மில் 60 கிலோவுக்கு மேல் இருக்கும். சில மாதத்தில் வட்டத் துளை முட்டை வடிவமாகி, சாறு அதன் வழியே ஒழுகும். தேய்மானம் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கட்டும். டிரம்மும் குழாயும் சேர்ந்து சுற்ற வேண்டும்.

அதற்கு: 1 அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 120 செ.மீ. 15 செ.மீ. சதுர இரும்புத் தகடு இரண்டு, நடுவில் 35 மி.மீ. துளை. ஒவ்வொன்றின் மேலும் 1¼ அங்குல பைப்பில் 5 செ.மீ. துண்டை வெல்டிங் பட்டறையில் பற்றவைத்து வாங்கியது. 1 அங்குல பைப் அதற்குள் கச்சிதமாக நுழையும். தகட்டை டிரம்மின் முனையில் நான்கு போல்ட்டால், உட்புறம் அகல வாஷர் வைத்து முடுக்கி, கழுத்துத் துண்டையும் பைப்பையும் ஊடுருவி ஒரு 8 மி.மீ. போல்ட். இனி பைப் தனியாக வழுக்காது.

மையம் கண்டுபிடிக்க அளவு நாடா வேண்டாம். முனையின் அளவுக்கு செய்தித்தாளை வட்டமாக வெட்டி நான்காக மடித்தால், மடிப்பின் நுனிதான் மையம். அரை அங்குலம் தவறினாலும் ஒரு பக்கம் கனத்து, ஒவ்வொரு சுற்றிலும் கையை இழுக்கும்.

ஸ்டாண்ட் 40 மி.மீ. ஆங்கிளில் (L வடிவ இரும்புப் பட்டை), அச்சு தரையிலிருந்து 75 செ.மீ. உயரம். டிரம்முக்கு அடியில் சுமார் 45 செ.மீ. மிஞ்சும், கொத்தனார் சட்டி தாராளமாகப் போகும். அச்சு உட்கார, 1¼ அங்குல பைப்பை நெடுக்காகப் பிளந்த பாதித் துண்டுகள், கொஞ்சம் கிரீஸ். மொட்டைமாடி என்றால் கால்களுக்கு அடியில் பலகை போடுங்கள், தரை ஓடு உடையாமல் தப்பிக்கும்.

ஜனவரி 12, ஞாயிறு

உள்ளே துடுப்புகளாக 75 செ.மீ. நீள அலுமினிய ஆங்கிள் மூன்று, சம இடைவெளியில். இவை இல்லாவிட்டால் வழவழப்பான சுவரில் சரக்கு அப்படியே வழுக்கும். டிரம் சுற்றும், குப்பை புரளாது. காற்றுக்கு முனைக்கு 12 துளை, 10 மி.மீ., உட்புறம் கொசுவலை. கதவுக்கு நேர் எதிரே ஆறு சின்னத் துளை, சாறு வடிய. நம்மூர் வெயிலில் இதற்கு மேல் துளைத்தால் சரக்கு காய்ந்து எறும்பு குடிவரும். கதவு மேலே நிற்கும்போது ஸ்டாண்டையும் தகட்டையும் சேர்த்து ஒரு கம்பி செருகத் துளை போட்டேன். இது இல்லாமல் கதவைத் திறந்தால் டிரம் புரண்டு முழங்காலில் இடிக்கும்.

ஜனவரி 16, வியாழன்

நிரப்பத் தொடங்கி நான்கு நாள். ஒரு பங்கு சமையலறைக் கழிவு, இரண்டு பங்கு நொறுக்கிய சருகு, வாளிக் கணக்கில். மேலே ஒரு சட்டி பழைய உரம். நாட்டு வாதுமை இலை கொட்டும் பருவம் இது. மூன்று சாக்கு சேர்த்து வைத்தால் மாசி வரை கவலை இல்லை.

பொங்கல் கழிவில் கவனம். கரும்புச் சக்கையையும் மஞ்சள் இலையையும் இரண்டு அங்குலத் துண்டாக நறுக்காமல் போட்டால் நடு அச்சில் கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும். தேங்காய் நார், வாழை இலை நரம்பும் அப்படியே.

ஜனவரி 29, புதன்

திறந்தால் எலுமிச்சை அளவு உருண்டைகள். ஈரம் மிஞ்சினால் டிரம்மில் வரும் தனி வியாதி இது. வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், உடைத்தால் உள்ளே அழுகல் முட்டை நாற்றம்; காற்று அங்கே போவதில்லை. மேலும் சுற்றினால் உருண்டை இன்னும் இறுகும். களைக்கொத்தால் உடைத்து, ஒரு வாளி சருகுத்தூள் கலந்து, கதவை நிழலில் இரண்டு மணி நேரம் திறந்து வைத்ததில் சரியானது. கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு, அதற்கு மேல் கூடாது. அம்மோனியா நெடி என்றால் நோய் வேறு: நைட்ரஜன் மிஞ்சிவிட்டது. அதற்கும் மருந்து சருகுதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது. இன்றோடு நிறுத்தம். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தினமும் ஒரு கைப்பிடி புதிதாகப் போட்டுக்கொண்டே இருந்தால் டிரம் என்றைக்கும் முடியாது. பாதி உரம், பாதி வெங்காயத் தோல். முழுக்க நிரப்பினாலும் புரள இடமில்லை. இனி மூன்று நாளுக்கு ஒருமுறை ஐந்தாறு சுற்று. அன்றாடக் கழிவு ஒரு பழைய வாளிக்கு.

நிரப்பத் தொடங்கிய நான்காம் நாள் தெர்மாமீட்டர் 52 டிகிரி செல்சியஸ் காட்டியது, பிறகு இறங்கிவிட்டது. 200 லிட்டர் குவியல் சூட்டை நெடுநாள் பிடித்து வைக்காது. ஆகவே நோய் கண்ட செடியையும் விதை முற்றிய களையையும் இதில் போடுவதில்லை. தக்காளி விதை எப்படியும் தப்பிவிடும்.

மார்ச் 9, ஞாயிறு

கறுப்பு, மண் வாசனை, சூடு இல்லை. ஆனாலும் செடிக்குப் போடும் பதம் இன்னும் வரவில்லை. சாக்கில் கொட்டி, வாயைத் தளர்த்திக் கட்டி, நிழலில் மூன்று வாரம்.

மார்ச் 30, ஞாயிறு

6 மி.மீ. சல்லடையில் சலித்ததில் சுமார் 40 லிட்டர். மேலே தங்கிய முட்டை ஓடு, மாங்கொட்டை, குச்சி எல்லாம் அடுத்த நிரப்பலுக்கு. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் இந்த உரத்தை நிரப்பி 20 வெந்தயம் தூவினேன், பக்கத்தில் தோட்டத்து மண்ணில் இன்னொரு 20. இரண்டும் ஒன்றுபோல முளைத்தால் சரி. உரத்தில் மட்டும் முளை கருகினால் சாக்கு இன்னும் இரண்டு வாரம் மூடியே இருக்கும்.