கொடுவாவுக்குக் கோல் வாங்கும் முன்

டார்வின், கேர்ன்ஸ், டவுன்ஸ்வில், மெக்காய் என்று ஆஸ்திரேலியாவின் வடக்கே வேலை கிடைத்துக் குடிவரும் தமிழர்களுக்குக் கொஞ்ச நாளிலேயே ஒன்று தெரிந்துவிடும். இங்கே ஊரே கொண்டாடும் பாராமுண்டி நம் கொடுவாதான். பழவேற்காட்டிலும் மட்டக்களப்பு வாவியிலும் பிடிபடும் அதே மீன், அதே இனம். வேலையிடத்தில் யாராவது "சனிக்கிழமை படகில் ஓர் இடம் இருக்கிறது, வருகிறாயா?" என்று கேட்பார்கள். இந்தப் பக்கத்தில் பழக்கம் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது. அழைப்பைத் தட்டாமல் போங்கள். சிக்கல், அதற்கு முந்தைய நாள் கடையில் வரிசையாக நிற்கும் தூண்டில் கோல்களுக்கு முன்னால் வருகிறது.

கைத்தூண்டில் பழகிய பலர் அங்கே செய்யும் தவறு ஒன்றுதான்: "பெரிய மீன், பலமான கோலாகக் கொடுங்கள்" என்று கேட்பது. கடற்கரையில் அலை தாண்டி எறியும் 10, 12 அடிக் கோலோ, உலக்கை போல வளையாத கனத்த கோலோ கைக்கு வந்து சேரும். உப்பங்கழியில் அதை வீசக்கூட இடம் இருக்காது. கோலைத் தீர்மானிப்பது மீனின் எடை அல்ல. மீன் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது, நீங்கள் எறியப்போகும் போலி இரை எத்தனை கிராம் என்ற இரண்டும்தான்.

முதலில் உப்பங்கழியை எடுத்துக்கொள்வோம். கேர்ன்ஸ் நகரை ஒட்டிய டிரினிட்டி இன்லெட், டார்வினுக்கு மேற்கே பைனோ துறைமுகத்துக்குள் ஓடும் கிளைகள் எல்லாம் அலையாத்தி வேர் அடர்ந்த உப்பங்கழிகள். டார்வின் பக்கம் பெரிய ஓதத்தில் நீர்மட்டம் 7 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீர் வற்றும்போது சிறு மீன்கள் வேர்க்காட்டை விட்டு வெளியே வர, கொடுவாவும் செப்பிலி வகையான மேங்குரோவ் ஜாக்கும் சரிந்த மரத்தின் நிழலில் காத்திருக்கும். போலி இரை அந்த மரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தால் கடிக்கும். இரண்டு மீட்டர் தள்ளி விழுந்தால் பெரும்பாலும் ஏறிட்டும் பார்க்காது. இங்கே தூரம் வேண்டாம், குறிதான் வேண்டும். அதனால்தான் படகிலிருந்து கழியில் எறிய ஐந்தரை முதல் ஆறு அடி வரையுள்ள குட்டைக் கோல். தலைக்கு மேல் கிளை தொங்கும் இடத்தில் பக்கவாட்டில் தாழ வீச வேண்டியிருக்கும். ரீலுக்குப் பின்னால் இருக்கும் அடிப்பிடியும் குட்டையாக, 20 முதல் 25 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் நீண்டால் ஒவ்வொரு வீச்சிலும் முழங்கையிலோ வயிற்றிலோ இடிக்கும்.

பலம் எவ்வளவு? இங்கேதான் மீனின் எடை ஏமாற்றும். இரண்டு கிலோ ஜாக் கடித்த கணமே திரும்பி வேருக்குள் பாயும். முதல் ஒரு மீட்டரில் நிறுத்தாவிட்டால் மீனும் போயிற்று, இரையும் போயிற்று. எனவே நுனி கொஞ்சம் இளகி, நடுவிலிருந்து அடிவரை விறைத்த 6–8 கிலோ அல்லது 6–10 கிலோ கோல் வேண்டும் (இது கோலின் எடை அல்ல, அதற்கேற்ற நூலின் தரம்). 20 முதல் 30 பவுண்டு பின்னல் நூல், முன்னால் 40 பவுண்டு லீடர், அதாவது இரைக்கும் நூலுக்கும் நடுவே கட்டும் தடித்த நூல். லீடர் இல்லாமல் எறியக் கூடாது: கொடுவாவின் வாய் அரம் போல நூலைத் தேய்க்கும், செவுள்மூடியின் விளிம்பு கத்தி போல அறுக்கும். அந்த விளிம்பு விரலையும் அறுக்கும், செவுளுக்குள் கைவிட்டுத் தூக்கும் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஏரி வேறு உலகம். அதர்ட்டன் மேட்டுநிலத்தில் டினரூ, மெக்காய்க்கு அருகே கின்சன்ட், இன்னும் வடக்கே பிராசர்பைன், டார்வினுக்குத் தெற்கே மான்டன் அணை. கொடுவா முட்டையிட உப்புநீர் வேண்டும், எனவே அணைக்குள் அது இனம் பெருக்காது. குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். விட்டவை தின்று கொழுத்து ஒரு மீட்டரைத் தாண்டும். கின்சன்ட் போன்ற நீர்ப்பாசி அணையில் பாசிப் படுகையின் ஓரமாகத் தொலைவிலிருந்து எறிந்து, மெதுவாக, நாள் முழுக்க இழுக்க வேண்டும். இரையும் கனம்: 30 முதல் 60 கிராம் வரையுள்ள மென்ரப்பர் மீன்கள். இதற்கு ஆறரை முதல் ஏழு அடிவரை நீளம், இரண்டு கையாலும் பிடித்து வீச 30 சென்டிமீட்டருக்குக் குறையாத அடிப்பிடி, 10 கிலோ தரம். 30 முதல் 50 பவுண்டு நூல், 60 பவுண்டு லீடர். மீன் பெரிது, ஆனால் ஓடுவதற்கு வெட்டவெளி இருக்கிறது. ஆகவே நடுவரை வளைந்து கொடுக்கும் கோல் போதும், சொல்லப்போனால் அதுவே நல்லது. கொடுவா நீரைவிட்டு எழும்பித் தலையை உதறும்போது விறைத்த கோல் தூண்டில் முள்ளைப் பிய்த்தெடுத்துவிடும். பிராசர்பைன் மட்டும் விதிவிலக்கு. அங்கே மூழ்கிய மரங்கள் காடாக நிற்கின்றன, கழிக்குச் சொன்ன விறைப்பை இந்த நீளத்தில் தேட வேண்டும்.

இனி, கோலின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பது. கைப்பிடிக்கு மேலே நீளம், நூல் தரம், எறியும் எடை என்று மூன்று விவரம் இருக்கும். "மீடியம்", "ஹெவி" என்ற சொற்களை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றின் ஹெவி. எண்களைப் பாருங்கள். எறியும் எடை அவுன்சில் இருந்தால் கால் அவுன்ஸ் 7 கிராம், ஒரு அவுன்ஸ் 28 கிராம். கழிக்கு 7–28 கிராம் கோல் எடுத்தால், 10 சென்டிமீட்டர் நீளமுள்ள, நீரில் முங்கும் இரையும் 10 கிராம் ஈயத்தலை மாட்டிய ரப்பர் மீனும் சுகமாகப் பறக்கும். இந்த எல்லைக்குக் கீழே போனால் கோல் வளையாது, வளையாத கோல் இரையைத் தள்ளாது. மேலே போனால் நுனி தொய்ந்து குறி தவறும்.

வளைவின் வேகமும் கவனிக்க வேண்டியது. 'ஃபாஸ்ட்' என்றால் மேல் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் வளையும். ரப்பர் மீனைத் துள்ளவைக்கவும், ஒற்றை முள்ளை ஆழமாகக் குத்தவும் ஏற்றது. 'மாடரேட்' என்றால் நடுவரை வளையும். மும்முள் கொக்கி தொங்கும் கட்டை இரைகளுக்கு அது பாந்தம். ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும் என்றால் ஆறடி ஆறங்குலம், 6–10 கிலோ, இரண்டுக்கும் நடுவில் நிற்கும் 'மாடரேட் ஃபாஸ்ட்' வாங்குங்கள். கழியில் சற்று நீளம்தான், ஏரியில் சற்றுக் குறைவுதான்; ஆனாலும் ஒரு வருடம் ஓட்டலாம், அதற்குள் உங்கள் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். 100 முதல் 200 டாலருக்குள் நல்ல கோலே கிடைக்கும். மிச்சக் காசை நூலிலும் ரீலிலும் போடுங்கள்.

இவையெல்லாம் காஸ்டிங் கோல்கள் பற்றியது: ரீல் மேலே உட்காரும், கீழே விரல் கொளுவ ஒரு விசைக்கொக்கி இருக்கும். கட்டைவிரலால் ரீலின் நூல் உருளையைத் தொட்டு இரையைப் பறக்கும்போதே நிறுத்தலாம் என்பதுதான் இதன் அருமை. ரீல் வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள், கைப்பிடி இடதா வலதா என்பதைப் பின்னால் மாற்ற முடியாது. நூல் சிக்குவது ஏன் என்றால், இரை வேகம் குறைந்த பிறகும் உருளை சுற்றிக்கொண்டே இருப்பதால்தான். இரை மெல்ல இறங்கி, தரையைத் தொட்டதும் உருளையும் நிற்கும்படி பக்கத்துத் திருகை இறுக்கி, பிரேக்கைக் கூடுதலாக வைத்து, முள் இல்லாத ஈயத்தைக் கட்டி ஒரு பூங்காவில் இரண்டு மாலை எறிந்து பழகுங்கள். 7 கிராமுக்குக் குறைந்த இரை மட்டுமே எறிவதானால் இந்த வகையே வேண்டாம், ரீல் கீழே தொங்கும் ஸ்பின்னிங் கோல் போதும்.

கடையில் சோதிக்க வெட்கப்பட வேண்டாம், இங்கே யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். ஒரு கண்ணை மூடி அடியிலிருந்து நுனிவரை நோக்குங்கள். வளையங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ரீலைப் பூட்டி, ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் வைத்தால் கோல் கிட்டத்தட்டச் சமமாக நிற்க வேண்டும். நுனி கனத்தால் மதியத்துக்குள் மணிக்கட்டு வலிக்கும். பிறகு நூலை வளையங்கள் வழியே விட்டு, ஒருவர் நூலைப் பிடிக்க, கோலை வளையுங்கள். காஸ்டிங் கோலில் வளையங்கள் மேல்பக்கம் இருப்பதால், அவை போதாவிட்டால் வளையும்போது நூல் கோலின் உடலில் உரசும். உரசினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நுனிப்பக்க வளையங்கள் மிகச் சிறியவையாக இருந்தால் 60 பவுண்டு லீடரின் முடிச்சு ஒவ்வொரு எறியிலும் தட்டும். ஏரிக்கு நீண்ட லீடர் கட்டுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரண்டு துண்டுக் கோல் சின்னக் காரில் அடங்கும், அடுக்குமாடி வீட்டில் அலமாரிக்குள்ளும் நிற்கும். பொருத்து ஆடாமல் இறுகுகிறதா என்று மட்டும் பாருங்கள். பொருத்து தளர்ந்த நிலையில் எறிந்தால் அங்கேதான் பிளக்கும்.

கோல் உடைவதற்கு மீன் காரணமாவது அரிது. பெரும்பாலும் டிராக்கை, அதாவது மீன் பலமாக இழுத்தால் நூலை வழுக்கி வெளியே விடும் ரீலின் பிடியை, பூட்டிவைப்பதுதான். 50 பவுண்டு நூல் அறாது, ஆனால் 8 கிலோ கோல் முறியும். கோலின் தரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 கிலோவுக்கு இரண்டரை கிலோ அளவில் டிராக் வையுங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் தொங்கு தராசு எல்லார் வீட்டிலும் இருக்குமே, அதில் நூலை மாட்டி இழுத்தால் அளவு தெரிந்துவிடும். அடுத்த காரணம், மீன் படகருகே வந்ததும் கோலைச் செங்குத்தாக நிமிர்த்தித் தூக்குவது; அப்போது முழுப் பாரமும் மெல்லிய நுனிக்குப் போய்விடும். வலையால் அள்ளுங்கள். இரை மரத்தில் மாட்டினால் கோலை வெட்டி வெட்டி இழுக்காமல், நூலை நோக்கி நேராக நீட்டி, ஒரு கட்டையில் நூலைச் சுற்றி இழுங்கள். வெறுங்கையில் சுற்றினால் பின்னல் நூல் சதையை அறுத்துவிடும்.

கரையிலிருந்து எறிபவர்களுக்கு நீளக் கணக்கு மாறும். வடக்கின் எந்தக் கழியிலும் உப்புநீர் முதலை இருக்கும் என்று எண்ணித்தான் நிற்க வேண்டும். குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். அவ்வளவு தள்ளி நின்றால் ஆறடிக் கோலில் நூல் கரைக்கல்லில் உரசும். ஆறரை, ஏழு அடி தேவை. மீனை எடுக்கக் குனிவதுதான் ஆபத்தான கணம், நீளப் பிடி வலை இல்லாமல் போகாதீர்கள். நீரோரத்தில் மீன் கழுவாதீர்கள், குழந்தைகளைக் கரையில் விளையாட விடாதீர்கள். இன்னொன்று, கிராஃபைட் கோல் மின்சாரத்தைக் கடத்தும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிற்பகலில் இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குப் போங்கள்.

சட்டமும் கோலோடு சேர்ந்ததே. டார்வின் இருக்கும் வடக்குப் பிரதேசத்தில் பொழுதுபோக்காக மீன் பிடிக்க உரிமம் வேண்டாம்; கொடுவா 55 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும். குயின்ஸ்லாந்தில் 58 முதல் 120 வரை. கிழக்குக் கரையில் நவம்பர் 1 நண்பகல் முதல் பிப்ரவரி 1 நண்பகல் வரை கொடுவாவுக்குத் தடைக்காலம். டினரூ போன்ற மீன்விட்ட அணைகளில் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அணைகளுக்கென்று தனி விதிகளும் உண்டு, போகும் முன் மீன்வளத் துறையின் இணையதளத்தைப் பாருங்கள். நம்மவர்கள் அறியாமல் மாட்டிக்கொள்வது திலாப்பியாவில். ஊரில் ஜிலேபி என்று குழம்பு வைத்த மீன், குயின்ஸ்லாந்தில் தீங்குயிரி. பிடிபட்டால் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, இரையாக்கக் கூடாது, திரும்ப நீரிலும் விடக் கூடாது. உடனே கொன்று, நீர்மட்டம் எட்டாத மேட்டில் புதைக்க வேண்டும், அல்லது குப்பைத் தொட்டியில் போட வேண்டும்.

வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரை மெல்ல விட்டு உப்பைக் கழுவுங்கள். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். ரீல் பூட்டும் திருகைக் கழற்றிவைக்காவிட்டால் மாதத்தில் இறுகிப்போகும். மூடிய காரின் வெயிலில் கோலை வளைத்துத் திணித்து வைக்காதீர்கள். இரையின் முள்ளை வளையத்தில் மாட்டி வைப்பதும் கூடாது. பீங்கான் உள்வளையம் கண்ணுக்குத் தெரியாமல் கீறும், அந்தக் கீறல் அடுத்த பெரிய மீனில் நூலை அறுக்கும். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றிப் பாருங்கள். பஞ்சு நூல் பிரிந்து ஒட்டினால் அந்த வளையத்தை மாற்ற வேண்டும்.