கிராண்ட் கேன்யன்ல ஒரு கோடு

நேத்து ராத்திரி தூக்கம் வராம கூகுள் மேப்ஸ்ல சேட்டிலைட் வியூ போட்டு அமெரிக்காவுல அரிசோனா பக்கம் மேய்ஞ்சுட்டு இருந்தேன். அங்க இருக்குற பெரிய பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யன் முழுக்க ஆறு அறுத்ததுனு தான இவ்ளோ நாள் நெனச்சிருந்தேன், கொலராடோ ஆறு அறுத்ததுதான் அதுல சந்தேகமில்ல, ஆனா எங்க ஈசியா அறுக்கலாம்னு வழி காட்டுனது பல எடத்துல நிலப்பிளவுங்க.

பிரைட் ஏஞ்சல் ஃபால்ட்னு ஒரு நிலப்பிளவு இருக்கு, அதாவது பாறை ஒடஞ்சு நகர்ந்த கோடு. மேப்ல பாத்தா ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி தெற்குப் பக்கம் ஒரு பள்ளம், ஆத்தத் தாண்டி வடக்குப் பக்கமும் அதே நேர்கோட்டுல இன்னொரு பள்ளத்தாக்கு. பிளவுல பாறை நொறுங்கிக் கெடக்கும், தண்ணி அதத்தான மொதல்ல அரிக்கும். ஒரு பக்கம் மேல ஏறுனதால ஒரே பாறை அடுக்கு ரெண்டு பக்கமும் சுமார் 60 மீட்டர் வித்தியாசத்துல நிக்குது.

இதவிட சுவாரசியம், அங்க ரெட்வால்னு ஒரு சுண்ணாம்புப் பாறை செங்குத்துச் சுவர் மாதிரி நிக்கும், சும்மா எறங்கவே முடியாது. இந்தப் பிளவுதான் அத ஒடச்சு விட்டிருக்கு, அங்க இருக்குற ஹவசுபாய் பழங்குடி மக்கள் காலங்காலமா எறங்குனதும் இந்த வழியாதான், இன்னிக்கு டூரிஸ்ட் நடக்குற பிரைட் ஏஞ்சல் டிரெயிலும் அதேதான். கொஞ்சம் மேற்க போனா ஹரிக்கேன், டோரோவீப்னு இன்னும் பெரிய ஃபால்ட்டுங்க, பீடபூமியவே படிக்கட்டு மாதிரி வெட்டி வெச்சிருக்கு. மணி ரெண்டாயிருச்சு, இன்னும் ஜூம் பண்ணிட்டுதான் இருக்கேன்.