கொல்லையில் ஓடும்போது டக்கென்று நிற்கும் டிராக்டர்: டீசல் பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டிய கரண்ட் லைன்

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் ரோட்டவேட்டர் ஓட்டிய 45 எச்.பி. டிராக்டர். காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் சாவியைத் திருப்பியதுபோல டக்கென்று நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது, "பம்பு போச்சு, கழற்றி பெஞ்சுக்கு (பம்பு சோதிக்கும் கடைக்கு) கொடுத்துடுங்க." பம்பு கழற்றவே இல்லை. பழுது டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கப்ளரில் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் பிளக்) இருந்தது. அதை எப்படிப் பிடித்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் இன்ஜின் நின்ற விதத்தைக் கேட்க வேண்டும். டீசல் வராமல் நிற்கும் இன்ஜின் உடனே நிற்காது. இழுவை குறையும், ஏறி இறங்கி ஓடும், கொஞ்சம் திணறி அப்புறம் அணையும். ஃபில்டர் அடைப்பு, டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு, லைனில் காற்று புகுந்தது எல்லாம் இப்படித்தான் காட்டும். திணறலே இல்லாமல் வெட்டியதுபோல நின்றால் சந்தேகம் ஸ்டாப் சாலினாய்டு (கரண்டால் டீசல் வழியைத் திறந்து மூடும் வால்வு) மேல் போக வேண்டும்.

இது ரோட்டரி பம்பு (ஒரே தலையிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பிரித்துத் தரும் பம்பு) உள்ள வண்டிகளுக்குத்தான். இழுத்து நிறுத்தும் கேபிள் மட்டும் உள்ள பழைய இன்லைன் பம்புகளில் சாலினாய்டே கிடையாது. ரோட்டரி பம்பின் தலைப்பகுதியில் உருளையாக, ஒற்றை வயர் மாட்டிய ஒரு சாமான் தெரியும். அதற்கு 12 வோல்ட் போனால் உள்ளே இருக்கும் பிளஞ்சர் என்ற சிறு தண்டு மேலே இழுபட்டு டீசல் வழி திறக்கும். கரண்ட் போனதும் ஸ்பிரிங் தள்ளி வழியை மூடிவிடும். அதனால் வயரில் ஒரு நொடி கரண்ட் நின்றுபோனாலும் இன்ஜின் நிற்கும்.

கியரை நியூட்ரலில் போட்டு, பி.டி.ஓ.வை (ரோட்டவேட்டரைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு) விடுவித்து, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். சாலினாய்டில் 'டிக்' என்று கேட்க வேண்டும். வயரைக் கழற்றி மறுபடி தொட்டால் திரும்பவும் டிக். இந்த வண்டியில் ஆறியிருக்கும்போது சத்தம் வந்தது, ஆனால் மெதுவாக. நின்ற உடனே பார்த்தபோது சத்தமே இல்லை.

அடுத்து பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட தனி வயரை சாலினாய்டுக்கு நேராகக் கொடுத்தோம். சூட்டிலேயே டிக் என்று அழுத்தமாகக் கேட்டது, இன்ஜினும் பிடித்தது. பம்பும் சாலினாய்டும் நல்லவை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. இப்படி ஓட்டும்போது சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்காது, அந்த வயரைப் பிடுங்கினால்தான் நிற்கும். பக்கத்தில் நிற்பவருக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள். சோதனைக்கு மட்டும்தான் இந்த வேலை, இதோடு உழவுக்குப் போகக் கூடாது.

சாலினாய்டுக்குள் இருக்கும் செம்புச் சுருளான காயிலையும் ஒரு முறை அளந்துகொள்வது நல்லது. வயரைக் கழற்றி, டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே ஓம் பார்த்தோம். ஆறியபோது 9.5, சூட்டில் 11-க்கு மேல். செம்பு சூடானால் ஓம் ஏறுவது இயல்பு, அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். சூட்டில் மட்டும் மீட்டர் ஒன்றுமே காட்டாமல் போனால் காயில் உள்ளே அறுந்துவிட்டது, அப்போது சாலினாய்டு மாற்றத்தான் வேண்டும்.

பலரும் ஏமாறும் இடம் இனிமேல்தான். கழற்றிய வயரின் நுனியில் மீட்டர் வைத்தால் 12.3 வோல்ட் காட்டியது. "கரண்ட் வருதே" என்று இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லாத அளவு. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும், கப்ளருக்குள் பச்சை பூத்த உலோக முனை ('பின்') வழியாக வந்தாலும் முழு வோல்ட் காட்டும். சாலினாய்டு 1 ஆம்பியருக்கு மேல் கேட்கும்போதுதான் அந்த இணைப்பின் உண்மை நிலை தெரியும். வயரை மாட்டிவிட்டு, சாவி ஆனில், அதே டெர்மினலில் அளந்தோம்: 7.6 வோல்ட். பேட்டரியில் 12.4. நடுவில் 4.8 வோல்ட் காணாமல் போகிறது. மீட்டர் இல்லாதவர்கள் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வயர் நுனிக்கும் பாடிக்கும் நடுவே போட்டுப் பார்க்கலாம். மங்கலாக எரிந்தால் லைனில் கோளாறு.

இழப்பு எங்கே என்று பிடிக்க, மீட்டரை 20 டி.சி. வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை நீள வயரால் பேட்டரி பிளஸ்ஸோடு சேர்த்து, கறுப்பு முனையை லைனில் ஒவ்வொரு இடமாக நகர்த்த வேண்டும். சாலினாய்டு மாட்டியபடியே இருக்கட்டும். ஃபியூஸைத் தாண்டி 0.15. சாவி ஸ்விட்ச் வெளியேறும் பின்னில் 0.45. டேஷ்போர்டு அடியில் இருந்த கப்ளரைத் தாண்டியதும் 4.6. சாலினாய்டில் 4.8. கப்ளரில் மட்டும் 4 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிறது, வேறெங்கும் தேட வேண்டியதில்லை. 7.6 வோல்ட்டை காயிலின் 9.5 ஓமால் வகுத்தால் வரும் 0.8 ஆம்பியர் ஓட்டத்தில் இவ்வளவு இழப்பு என்றால் அந்த ஒரு இணைப்பே சுமார் 5 ஓம். நல்ல லைனில் மொத்த இழப்பே 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த்தையும் விடாதீர்கள்: சாலினாய்டு பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2-க்குள் வரவேண்டும். இங்கே சரியாக இருந்தது.

பிளஞ்சரை இழுக்கத்தான் அதிக வோல்ட் தேவை, இழுத்ததைப் பிடித்து வைக்கக் குறைவே போதும். அதனால் ஆறிய காயில் 7 வோல்ட் சொச்சத்திலும் எப்படியோ இழுத்துக்கொண்டது. சூட்டில் காயிலின் ஓம் ஏறி, அதிர்வில் கப்ளர் பின்னும் ஆடியதும் விட்டுவிட்டது.

கப்ளரைப் பிரித்தால் பின் பச்சையாகப் பூத்து, பக்கத்து பிளாஸ்டிக் சூட்டில் பழுத்திருந்தது. அதற்குச் சற்று முன்னால் எலி கடித்த இடத்தில் யாரோ வயரை முறுக்கி வெறும் டேப் சுற்றியிருந்தார்கள். கடலை மூட்டை அடுக்கும் கொட்டாயிலேயே டிராக்டரையும் விட்டால் எலி வராமல் இருக்காது. அந்த டேப் வழியாக, வண்டி கழுவும்போதெல்லாம் தண்ணீர் வயருக்குள் இறங்கி பின்வரை போயிருக்கிறது.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை வயரை வெட்டினோம். 1.5 சதுர மில்லிமீட்டர் பல இழை ஆட்டோ வயர், புது பின், இரண்டு பக்கமும் கிரிம்ப், மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். வீட்டு ஒயரிங்கில் வரும் ஒற்றைக் கம்பி வயரைப் போடாதீர்கள், டிராக்டர் அதிர்வில் உள்ளேயே முறியும். வயரை சைலன்ஸரிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் போட்டுக் கட்டினோம். சாலினாய்டு மாட்டிய நிலையில் இழப்பு நன்றாக இறங்கியது. ரோட்டவேட்டரோடு இன்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, சூட்டிலேயே மறுபடி அளந்தோம். அதே அளவு.

இழப்பு சாவி ஸ்விட்ச்சில் தெரிந்திருந்தால் ஸ்விட்ச் மாற்ற வேண்டும். அல்லது ரிலே (சிறு கரண்டால் இயங்கும் ஸ்விட்ச்) வைக்கலாம். அதன் முனைகளின் எண்படி: 30-க்கு பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, 87 சாலினாய்டுக்கு, 86 சாவியிலிருந்து, 85 எர்த். போட்டபின் சாவியை அணைத்தால் இன்ஜின் நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சாலினாய்டையே மாற்றுவதானால் முதலில் சுற்றிலும் டீசல் விட்டுப் புழுதியைக் கழுவுங்கள். நம்ம செம்மண் புழுதி ஒரு துளி உள்ளே விழுந்தால் பம்பு நிஜமாகவே கெடும். கழற்றும்போது ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் தனியாக வந்துவிடும், பிடித்துக்கொள்ளுங்கள். ஓ ரிங் புதிது போடுங்கள். மாட்டியபின் ஃபில்டர் காற்று ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் நிற்கும் வரை கை பம்பு அடிக்கவும்.

பிளஞ்சரை எடுத்து எறிந்துவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள். சாவியைத் திருப்பினால் நிற்காத டிராக்டரில் பி.டி.ஓ. தண்டில் வேட்டி மாட்டினால் ஓடிவருபவரால் இன்ஜினை அணைக்க முடியாது.

50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதி வந்தபின் சி.ஆர்.டி.ஐ. இன்ஜின்கள் (கண்ட்ரோல் யூனிட் சொல்படி, ரெயில் என்ற உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தெளிப்பவை) நம் ஊரிலும் ஓடுகின்றன. அவற்றில் மேலே சொன்ன நேர் வயர், பல்பு சோதனை இரண்டையும் செய்யக் கூடாது, கண்ட்ரோல் யூனிட் போய்விடும். ஓடும்போது டீசல் பைப் நட்டைத் தளர்த்தவும் கூடாது, ரெயிலில் இருக்கும் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும். அவற்றில் ஃபியூஸ், ரிலே, பேட்டரி முனை, எர்த் வரை பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் விடுங்கள்.